பெருந்தலை எறும்பு: பெயர் வைப்பதற்கு முன் எண்ண வேண்டியவை

கேள்வி: தாண்டிக்குடிப் பக்கம் எங்களுக்குக் காப்பித் தோட்டம் இருக்கிறது. மிளகுக்கொடி ஏற்றிய மரத்தடியில் ஒரு கல்லைப் புரட்டியபோது எறும்புக் கூடு கிடைத்தது. ராணி என்று நினைக்கிற பெரியது ஒன்று, சின்ன எறும்புகள் ஐம்பது போல, தலை மட்டும் பெருத்தவை ஏழெட்டு, வெள்ளைப் புழுக்கள் கொஞ்சம். எல்லாம் இப்போது கண்ணாடிக் குழாயில் இருக்கின்றன. நிறம் செம்பழுப்பு. படத்தைப் பார்த்த ஒருவர் நெருப்பெறும்பு என்கிறார், இன்னொருவர் கட்டெறும்புக் குட்டி என்கிறார், மூன்றாமவர் ஃபைடோலி என்கிறார். எது சரி? இனப் பெயர் என்ன? நெருப்பெறும்பு என்றால் வீட்டில் வைத்திருக்கலாமா? (வாசகர், தாண்டிக்குடி)

அன்புள்ள வாசகருக்கு,

மூன்றாமவர் சொன்ன ஃபைடோலி, அதாவது பெருந்தலை எறும்பு வகைதான் சரியாக இருக்க வாய்ப்பு அதிகம். கட்டெறும்பு இல்லை என்பதை உங்கள் பக்கவாட்டுப் படத்தை வைத்தே உறுதியாகச் சொல்லலாம். நெருப்பெறும்பு இல்லை என்பதை உறுதி செய்ய இன்னும் ஒரு சோதனை பாக்கி. அதை நீங்களே செய்யலாம். இனப் பெயர் மட்டும் எந்தப் படத்திலிருந்தும் கிடைக்காது. யாராவது கைபேசிப் படத்தைப் பார்த்து முழுப் பெயரைச் சொன்னால் கொஞ்சம் சந்தேகத்தோடு கேளுங்கள். 2016இல் வெளியான இந்திய எறும்புப் பட்டியலில் 100 பேரினங்களின் (நெருங்கிய இனங்களின் தொகுதி) கீழ் 828 இன, துணையினப் பெயர்கள் இருக்கின்றன. உலகம் முழுக்க எடுத்துக்கொண்டால் ஃபைடோலி என்ற ஒரு பேரினத்தில் மட்டும் ஆயிரத்துக்கு மேற்பட்ட இனங்கள். அவற்றில் பலவற்றை மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவிலான வேறுபாடுகளை வைத்துத்தான் பிரிக்கிறார்கள்.

முதலில் அந்தக் ‘குட்டி’ விஷயம். எறும்பில் குட்டி என்று ஒன்று கிடையாது. கூட்டுப்புழுவிலிருந்து வெளியே வந்த எறும்பு அதற்கப்புறம் வளராது. சின்ன எறும்பு கடைசி வரை சின்ன எறும்புதான். அதனால் உருவம் சிறியது என்பதற்காகப் பெரிய இனமொன்றின் இளசாக அது ஆகிவிடாது. ஆனால் நிறம் மாறும். புதிதாக வெளிவந்த எறும்பு முதல் சில நாட்கள் வெளிறிய மஞ்சளாக இருக்கும். ஒரே கூட்டில் மஞ்சளும் பழுப்பும் கலந்து தெரிந்தால் இரண்டு இனம் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். நிறத்தை வைத்துத் தொடங்குகிறவர்கள்தான் அதிகம் தவறுகிறார்கள். அது கடைசியில் பார்க்க வேண்டியது.

முதலில் பார்க்க வேண்டியது இடுப்பு. மார்புக்கும் பின்வயிற்றுக்கும் நடுவே உள்ள குறுகிய பகுதியில் ஒரு மேடு இருக்கிறதா, இரண்டா? கட்டெறும்பு, முசுறு, நெட்டைக் கால் கிறுக்கெறும்பு எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். உங்கள் பக்கவாட்டுப் படத்தில் இரண்டு மேடுகள் தெளிவாகத் தெரிகின்றன. கட்டெறும்பு அங்கேயே விழுந்துவிடுகிறது. இன்னொரு சாட்சியும் உங்கள் குழாயிலேயே இருக்கலாம்: கூட்டுப்புழு. கட்டெறும்பு வகையில் அது பெரும்பாலும் பழுப்பான பட்டுக்கூட்டுக்குள் இருக்கும், பார்க்கிறவர்கள் ‘எறும்பு முட்டை’ என்று சொல்வது அதைத்தான். இரண்டு மேட்டு வகையில் உறை இல்லாமல், கால்களும் உணர்கொம்புகளும் மடங்கிக் கிடப்பது அப்படியே தெரியும், வெள்ளையாக. நீங்கள் புழுக்கள் என்று எழுதியவற்றில் சிலவற்றுக்குக் கால்கள் தெரிகின்றனவா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள்.

இரண்டு மேடு, பெருந்தலை, செம்பழுப்பு என்று சேர்ந்தால் பழனி மலையின் கீழ்ச் சரிவுகளில் மூன்று பேரைக் கணக்கில் எடுக்க வேண்டும்: ஃபைடோலி, நெருப்பெறும்பு எனப்படும் சொலெனாப்சிஸ் ஜெமினேட்டா, கேரபாரா டைவர்சா என்ற கொள்ளைக்கார எறும்பு. கடைசி ஒன்றைப் பழைய நூல்களில் ஃபைடோலோஜெட்டான் என்ற பெயரில் தேட வேண்டும். 1903இல் பிங்காம் எழுதிய இந்திய எறும்புத் தொகுதி இன்றும் பயன்படுகிற நூல்தான். ஆனால் அதிலுள்ள பெயர்களை நேரே எடுத்து மாதிரிக் குப்பியின் சீட்டில் எழுதாமல், இன்றைய பெயர் எதுவென்று ஆண்ட்விக்கி என்ற எறும்புத் தகவல் தளத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கேரபாராவை ராணியே நீக்கிவிடுகிறது. அதன் ராணி இரண்டு சென்டிமீட்டர் அளவுக்குப் பெரியது. உங்கள் படத்தில் நாணயத்தோடு ஒப்பிட்டால் உங்கள் ராணி 7 மில்லிமீட்டரை ஒட்டி வருகிறது. நாணயம் வைத்தது நல்ல யோசனை. ஆனால் ஒரு ரூபாய் நாணயம் வெளிவந்த ஆண்டைப் பொறுத்து 25, 22, 20 மில்லிமீட்டர் என்று மாறியிருக்கிறது. அடுத்த முறை குழாய்க்கு அடியில் மில்லிமீட்டர் கட்டம் போட்ட கிராஃப் தாளை வையுங்கள்.

அது ராணிதானா என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். பெருந்தலை எறும்பை ராணி என்று நம்பி மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு. ராணிக்கு மார்பு பருத்திருக்கும். சிறகு உதிர்ந்த தழும்பு இரண்டு பக்கமும் இருக்கும். நெற்றியில் மூன்று சிறு கண்கள் முக்கோணமாகத் தெரியும். பெருந்தலைச் சிப்பாய்க்குத் தலை மட்டுமே பெரிது, மார்பு வேலைக்கார எறும்பைப் போல ஒடுங்கியிருக்கும்.

இனி மீதி இரண்டு பேர். உங்கள் கடிதத்திலேயே ஒரு நல்ல தடயம் இருக்கிறது: “சின்னது ஐம்பது, பெருந்தலை ஏழெட்டு” என்று எழுதியிருக்கிறீர்கள், நடுத்தரம் என்று எதையும் எழுதவில்லை. ஃபைடோலியில் பெரும்பாலும் இரண்டே அளவுதான், இடைப்பட்டது இருக்காது. நெருப்பெறும்பில் சிறியதிலிருந்து பெரியது வரை படிப்படியாக எல்லா அளவும் இருக்கும். தவிர, நெருப்பெறும்புக் கூடு சிறிதாக இருக்கும்போது அதில் பெருந்தலைகளே இருக்காது. கூடு பெருத்த பிறகுதான் அவை வரும். ஃபைடோலி தொடக்கத்திலிருந்தே சிப்பாய்களை உருவாக்கும். ஐம்பது பேருள்ள கூட்டில் ஏழெட்டுச் சிப்பாய் என்பது ஃபைடோலிக்குப் பொருந்தும் கணக்கு. ஆனால் நீங்கள் பெரிய கூடு ஒன்றின் துண்டை மட்டும் அள்ளியிருக்கவும் கூடும் என்பதால் இதை மட்டும் நம்பி நிற்க முடியாது. உடல் நீளமும் உதவாது. இரண்டிலும் சின்னவை 2 முதல் 3 மில்லிமீட்டருக்குள் வந்து குழப்பும்.

அதனால் உணர்கொம்பை எண்ணுங்கள். சின்ன எறும்புகளில் இரண்டை எடுத்து ஒரு குப்பியில் மூடி, ஓர் இரவு ஃப்ரீசரில் வையுங்கள். பிறகு வெள்ளைத் தாளின் மேல் வைத்துப் பக்கவாட்டில் வெளிச்சம் கொடுத்துப் பாருங்கள். பத்து மடங்கு கைலென்ஸில் இடுப்பு மேடுகளும், மார்பில் முள் இருந்தால் அதுவும் தெரியும். உணர்கொம்பின் துண்டுகளை எண்ண அது போதாது. இருபது முதல் நாற்பது மடங்கு வேண்டும். பக்கத்துப் பள்ளி, கல்லூரி ஆய்வகத்தில் பூச்சிகளைப் பார்க்கும் இரட்டைக் கண் நுண்ணோக்கி இருந்தால் அதுவே சிறந்தது. தலையிலிருந்து கிளம்பும் நீண்ட முதல் துண்டை ஒன்று என்று கொண்டு எண்ணத் தொடங்குங்கள். நுனி வரை பன்னிரண்டு வந்து, கடைசி மூன்று மற்றவற்றைவிடத் தடித்திருந்தால் ஃபைடோலி. பத்தே வந்து, கடைசி இரண்டு தடித்திருந்தால் நெருப்பெறும்பு. பதினொன்று வந்து கடைசி இரண்டு தடித்தால் கேரபாரா வகை. நடுவில் உள்ள துண்டுகள் மிகச் சிறியவை, ஒன்றோடொன்று ஒட்டித் தெரியும். அங்கேதான் எண்ணிக்கை தவறும். ஆகவே இரண்டு கொம்பையும் தனித்தனியே எண்ணுங்கள். விடை வெவ்வேறாக வந்தால் அடுத்த எறும்பை எடுங்கள். தடித்த நுனியில் எத்தனை துண்டு என்பது எண்ணிக்கையைவிட எளிதில் தெரியும், அதுவே பாதித் தீர்ப்பு.

சரிபார்க்க இன்னொன்று. சின்ன எறும்பின் மார்பைப் பக்கவாட்டில் பாருங்கள். ஃபைடோலியில் முன்பகுதி குவிந்து உயர்ந்து, பிறகு சட்டென்று இறங்கும். இறங்கிய இடத்தின் பின்முனையில் பெரும்பாலும் இரண்டு சிறு முட்கள் இருக்கும். நெருப்பெறும்பில் அந்த இடம் முள் இல்லாமல் வழுவழுவென்று உருண்டிருக்கும். மாதிரியை ஸ்பிரிட்டில் போட்டு வைத்திருந்தால், நனைந்த எறும்பு பளபளக்கும். அந்தப் பளபளப்பில் சிறு முட்களும் தோலின் வரிகளும் மறைந்துபோகும். உறிஞ்சுதாளில் வைத்து இரண்டு மூன்று நிமிடம் காயவிட்டுப் பாருங்கள்.

கடிக்க விட்டுச் சோதிக்காதீர்கள். நெருப்பெறும்பின் கொடுக்கு தீயாக எரியும், ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஆபத்து. குழாய்க்குள் எறும்பை நகர்த்த மென்மையான, ஈரமான ஓவியத் தூரிகை போதும்.

இதுவரை வந்தால் பேரினம் கையில் இருக்கிறது. வளர்ப்பதற்கு அதுவே போதுமானது. உணவு, ஈரம், அடைப்பு எல்லாமே பெரும்பாலும் பேரின அளவில்தான் வேறுபடும். இனம் வேண்டுமென்றால் வேலை வேறு மாதிரி. ஃபைடோலியில் சின்ன எறும்புகள் ஒன்றுபோலவே இருக்கும். இனத்தைப் பிரிப்பது பெரும்பாலும் சிப்பாயின் தலைதான்: தலையின் நீள அகலம், நெற்றி வரிகள் எதுவரை பின்னால் போகின்றன, பின்விளிம்பின் பள்ளம் எவ்வளவு ஆழம், இரண்டாவது இடுப்பு மேட்டின் அகலம். சிப்பாய் இல்லாத மாதிரியை ஆய்வாளரிடம் கொடுத்தால் அவர் பேரினத்தோடு நிறுத்திவிடுவார். உங்களிடம் ஏழெட்டுச் சிப்பாய் இருப்பதால் இரண்டை எடுக்கலாம். சின்னதில் ஐந்து. ராணியைத் தொட வேண்டாம். பின்னாளில் சிறகுள்ள ஆண் எறும்புகள் வந்தால் அவற்றில் இரண்டு. ஒரே கூட்டின் எல்லா உருவமும் ஒரே குப்பியில் இருக்க வேண்டும் என்பது முக்கியம். அடுத்த கல்லுக்கடியில் கிடைத்ததை ‘அதே மாதிரிதான் இருக்கிறது’ என்று இதோடு சேர்த்தால் குப்பி முழுக்க வீணாகும். ஒரே கல்லின் இரண்டு மூலையில் இரண்டு இனங்கள் குடியிருப்பது வழக்கமான விஷயம்.

எறும்பைப் போட்டு வைக்க 70 முதல் 80 சதவீத எத்தனால் நல்லது. மூட்டுகள் வளைந்து கொடுக்கும். மரபணுச் சோதனைக்கு என்றால் 95 சதவீதம் வேண்டும், ஆனால் அதில் எறும்பு விறைத்து, பிற்பாடு காலும் கொம்பும் ஒடியும். கிடைக்காவிட்டால் மருந்துக் கடை சர்ஜிக்கல் ஸ்பிரிட் போதும். கை கழுவும் சானிடைசரை ஊற்றாதீர்கள். ஜெல் என்றால் அப்படியே அப்பிக்கொள்ளும். திரவமாக இருந்தாலும் பலவற்றில் கிளிசரினும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்திருக்கும். முன்னது பிசுபிசுக்கும், பின்னது நிறத்தை வெளுக்கும்.

சீட்டைப் பென்சிலால் எழுதிக் குப்பிக்கு உள்ளேயே போடுங்கள். பால்பாயிண்ட் மை ஸ்பிரிட்டில் கரைந்து, வெற்றுத்தாள்தான் மிஞ்சும். எழுத வேண்டியது: மாவட்டம், ஊர், தோட்டத்தின் ஜி.பி.எஸ். புள்ளி, கடல் மட்டத்திலிருந்து உயரம், தேதி, “காப்பித் தோட்டம், நிழலில், கல்லுக்கடியில்” என்பது போல இடத்தின் தன்மை, எடுத்தவர் பெயர், அந்த எறும்புக் கூட்டுக்கு நீங்கள் வைத்த எண். மலையில் உயரம் மிக முக்கியம். வத்தலக்குண்டிலிருந்து தாண்டிக்குடி வழியாகக் கொடைக்கானல் போகும் ஒரே சாலையில் ஒரு மைலுக்கு ஒரு மைல் எறும்பு மாறும். அடிவாரத்தில் மரந்தோறும் இருக்கும் முசுறு மேலே குளிரில் இல்லை. 2,000 மீட்டருக்கு மேல் வகைகளே வெகுவாகக் குறைகின்றன. ‘பழனி மலை’ என்று மட்டும் எழுதிய சீட்டு, ஊர் பெயர் இல்லாத தபால் உறை மாதிரி.

படமும் எடுத்து வையுங்கள். எறும்பைக் குப்பியோடு ஐந்து பத்து நிமிடம் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்தால் அசைவு மட்டுப்படும். அந்த இடைவெளியில் எடுக்க வேண்டும். ஒரு எறும்புக்கு மூன்று படம்: முகத்தை நேருக்கு நேர், முழுப் பக்கவாட்டு, நேர் மேலிருந்து. ஆண்ட்வெப் தளத்தில் உள்ள மாதிரிப் படங்கள் எல்லாம் இதே கோணங்களில் இருப்பதால் ஒப்பிட எளிது. நீங்கள் அனுப்பிய இரண்டாவது படம் சாய்ந்த கோணத்தில் இருக்கிறது. அதில் தலையின் அகலம் உண்மையில் உள்ளதைவிடக் குறைவாகத் தெரியும்.

மாதிரியை யாரிடம் கொடுப்பது? கோவையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பூச்சியியல் துறை, சென்னையில் இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் தென் மண்டல மையம் இரண்டும் தமிழ்நாட்டிலேயே இருக்கின்றன. முதலில் படத்தோடு கடிதம் எழுதி, அவர்கள் கேட்ட பிறகு அனுப்புங்கள். ஸ்பிரிட் நிறைந்த குப்பியைத் தபாலில் போடக் கூடாது, எரியும் திரவம். முக்கோணமாக வெட்டிய சிறு அட்டையின் நுனியில் ஒரு பொட்டு ஃபெவிகால் வைத்து, எறும்பின் நடுக்காலுக்கும் பின்காலுக்கும் இடையே அடிப்புறத்தை ஒட்டவைத்து, ஊசியில் குத்திப் பெட்டியில் வைத்து அனுப்பலாம். பசை அதிகமானால் இடுப்பு மேடுகளை மூடிவிடும், அப்புறம் பார்க்க ஒன்றுமிராது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மலை வீட்டில் ஊசி குத்திய மாதிரி பூசணம் பிடிக்கும்; பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். வெளிநாட்டு நிபுணருக்கு அனுப்ப நினைத்தால் தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் அனுமதி வேண்டும். ‘ஓர் எறும்புதானே’ என்று உறையில் போட்டு அனுப்புவது சட்டப்படி தவறு.

சொந்தத் தோட்டத்துக் கல்லுக்கடியில் எடுத்ததால் உங்களுக்குச் சிக்கல் இல்லை. ஆனால் வேலிக்கு அப்பால் வனத்துறை நிலம் தொடங்கும் இடங்கள் அந்தப் பக்கம் நிறைய. கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் 2013இல் அறிவிக்கப்பட்டது. அதற்குள்ளும், காப்புக் காட்டிலும் ஒரு கல்லைக்கூடப் புரட்டாதீர்கள்.

அடையாளம் உறுதியாகும் வரை பராமரிப்பு இப்படி இருக்கட்டும். குழாயின் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், அதை அடைத்து இறுக்கமான பஞ்சு, மீதி எறும்புக்கு. பஞ்சு தளர்ந்தால் தண்ணீர் கசிந்து புழுக்கள் நனையும், இறுகிப்போனால் ஈரமே வராது. பஞ்சின் முகம் ஈரமாக இருந்து துளி விழாமலிருந்தால் சரி. தேனில் மூன்று பங்கு தண்ணீர் கலந்து ஒரு சிறு சொட்டு, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை. புழுக்களுக்குப் புரதம் வேண்டும்: கரையான் ஒன்றிரண்டு, அல்லது நசுக்கிய சிறு பூச்சி. மருந்தடித்த செடியிலிருந்து பிடித்த பூச்சியைக் கொடுத்தால் மறுநாள் குழாயே காலியாகும், காப்பித் தோட்டத்தில் இதைக் கவனிக்க வேண்டும். தின்று மீந்ததை ஒரு நாளுக்குள் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பூசணம். ஃபைடோலியாக இருந்தால் நான்கைந்து கேழ்வரகு, தினை போட்டுப் பாருங்கள். விதை தின்னும் இனங்களில் சிப்பாய்கள் அதை உடைப்பதைப் பார்க்கலாம். குழாயைத் திறந்து பெட்டிக்குள் வைத்தால், முகப்பவுடரைச் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் குழைத்துப் பெட்டியின் உள்விளிம்பில் இரண்டு விரல் அகலம் தடவிக் காயவிடுங்கள். ஏறும் எறும்பு வழுக்கி விழும். மழைக்காலத்தில் காற்றின் ஈரம் பட்டால் அந்தப் பூச்சு உதிரும், வாரம் ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.

பத்துத் துண்டு எண்ணி நெருப்பெறும்பு என்றே வந்துவிட்டால், வீட்டில் வளர்க்க வேண்டாம் என்பதே என் ஆலோசனை. அது வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்த எறும்பு; சமவெளியில் ஏற்கெனவே பரவியிருக்கிறது. எடுத்த இடத்தில் கொண்டுபோய் விட்டால் புதிதாகக் கெடுதல் ஒன்றும் இல்லை, ஆனால் அதைப் பெருக்கவும் தேவையில்லை. ஃப்ரீசரில் வைத்து மாதிரியாக்கிவிடுவது மேல். பண்ணைக்காட்டு உறவினருக்கோ கொடைக்கானல் நண்பருக்கோ கொடுத்து அனுப்புவதுதான் செய்யவே கூடாதது. இடம் மாறிய எறும்பு என்ன செய்யும் என்பதை உங்கள் மாவட்டத்திலேயே 2022இல் நத்தம் பக்கம் கரந்தமலை அடிவார ஊர்கள் பார்த்தன. அங்கே பெருகியது நெட்டைக் கால் மஞ்சள் கிறுக்கெறும்பு. ஆடு மாடுகளும் தப்பவில்லை. அதற்கு இடுப்பில் ஒரே மேடு, உணர்கொம்பில் பதினொரு துண்டு, முதல் துண்டு தலையைத் தாண்டி வெகுதூரம் நீளும். உங்கள் குழாயில் இருப்பது நிச்சயமாக அது இல்லை.

பன்னிரண்டு எண்ணி, நுனியில் மூன்று தடித்திருந்தால் சீட்டில் ‘ஃபைடோலி, இனம் தீர்மானிக்கப்படவில்லை’ என்று எழுதுங்கள். சிப்பாயின் முகத்தை நேருக்கு நேர் எடுத்த படம் கிடைத்ததும், கிராஃப் தாளோடு எனக்கு அனுப்பிவையுங்கள்.